தப்பு செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாத இடம்

நோயாளிகளையும் முதியவர்களையும் பராமரிப்பவர்கள் இளைப்பாற நாங்கள் நடத்தும் இரண்டு நாள் கலை முகாமுக்குப் போன தடவை ஒரு செவிலியர் வந்திருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருட வேலை. வீட்டில் மறதிநோய் உள்ள அம்மா. நைட் டூட்டி முடித்து நேராக வந்து இறங்கினார். முதல் ஒரு மணி நேரத்திலேயே, பக்கத்தில் இருந்தவருக்குத் தலைவலி என்று தெரிந்து மாத்திரை தேடிக் கொடுத்தார். மதியம் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார். நடுநடுவே வீட்டுக்குப் போன்: அம்மா சாப்பிட்டாரா, மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது. களிமண்ணைக் கையில் எடுத்த கொஞ்ச நேரத்திலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "மேடம், இது சரியா இருக்கா?" இரண்டாம் நாள் சாயங்காலம், வந்தபோது இருந்ததைவிடக் களைத்துப்போய்க் கிளம்பினார்.

இந்த வருடத்தில் இப்படிப் பார்ப்பது எனக்கு ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ. அதனால்தான் எழுதுகிறேன். கோபம் அவர்மேல் இல்லை.

பர்ன்அவுட், அதாவது ஓயாத வேலையில் எரிந்து தீர்ந்துபோகும் சோர்வு என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். 1974-ல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியபோது, சோம்பேறிகளைப் பார்த்து எழுதவில்லை. இலவச மருத்துவமனையில் மனதைக் கொட்டி வேலை செய்தவர்களைப் பார்த்து எழுதினார். அவரும் அங்கே வேலை செய்தவர்தான். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதற்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்: உள்ளுக்குள் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். இரண்டாவதைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. நோயாளியின் பெயர் மறந்து கட்டில் நம்பர் மட்டும் நினைவில் நிற்கிறது என்று அழுதவர்கள் உண்டு. கெட்ட மனசு என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். அது மனசின் குறை இல்லை, இந்தச் சோர்வின் அடையாளம்.

சரி, என்னை அதிகம் சோதிக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். "எனக்கு வரையவே வராது மேடம்."

வர வேண்டாம்! யார் கேட்டார்கள்? கண்காட்சி வைக்கப் போவதில்லை, மார்க் போடப் போவதில்லை. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேர், 45 நிமிடம், களிமண், பேனா, ஒட்டுப்படம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குப் பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர்களா இல்லையா என்பது அதில் வித்தியாசம் காட்டவில்லை. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் குறையவும் இல்லை. ஆனால் 'வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது' என்ற பேச்சுக்கு அது போதுமான பதில்.

இன்னும் ஒன்று. பராமரிப்பவர் நாள் முழுக்கத் தப்பே செய்யக் கூடாது. மருந்தின் அளவு, படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம், உடைந்துபோய் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லும் ஒரு சொல், எதுவும் பிசகக் கூடாது. அந்த உஷார் வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது, தூக்கத்திலும் விடுவதில்லை. களிமண்ணில் தப்பு செய்தால் என்ன ஆகும்? நசுக்கிவிட்டுத் திரும்பப் பிசையலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அப்படி ஒரு இடம் கையில் கிடைக்கும்போது, அதையும் 'சரியா இருக்கா' என்று கேட்டுப் பரீட்சை ஆக்கிவிடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு நாள் முகாமுக்கு அனுப்பிவிட்டு மூன்றாம் நாள் டபுள் டூட்டி போடாதீர்கள். அந்த இரண்டு நாளையும் விடுப்புக் கணக்கில் கழிக்காதீர்கள். ஆள் பற்றாக்குறையைக் களிமண் தீர்க்காது. விடுமுறையில் கிடைக்கும் தெம்பே வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வேலை மாறாமல் முகாம் மட்டும் என்ன செய்துவிடும்?

வீட்டில் பராமரிப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு பர்ன்அவுட்டை வேலையிடத்தோடு சேர்த்து மட்டுமே பேசுகிறது. அப்பாவையோ அம்மாவையோ வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் இடம் இல்லை, சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை.

முகாமுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். நைட் டூட்டி முடித்த கையோடு வராதீர்கள். ஒரு நாள் தூங்கிவிட்டு வாருங்கள். வீட்டில் உங்களுக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்பவரை ஒரு வாரம் முன்பே அரை நாள் விட்டுப் பாருங்கள். மருந்து விவரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நேரம் குறித்து. பக்கத்தில் யாராவது அழுதால் ஓடாதீர்கள், அதைப் பார்க்க நாங்கள் இருக்கிறோம். திரும்பிய மறுநாளையும் காலியாக வையுங்கள்.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போதும் கேள்வி கேளுங்கள். நடத்துபவர் என்ன படித்தவர்? மனதில் உள்ளதை எல்லோர் முன்னாலும் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் உண்டா? உண்டென்றால் வேண்டாம். பென்னேபேக்கர், பீல் என்ற ஆய்வாளர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், வேதனையான அனுபவத்தை நான்கு நாள் எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் இன்னும் பாரமானது. நன்மை பிந்தித்தான் தெரிந்தது. கடைசி நாள் கடைசி மணி நேரத்தில் 'ஆறாத காயத்தை எழுதுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏற்றி அனுப்புபவர்களுக்கு இது தெரிவதில்லை. 'இரண்டே நாளில் குணம்' என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் முகாமுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். இன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்வது ஒன்றுதான். அக்காதானே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று முகாமுக்குப் பணம் கட்டி அனுப்புவதோடு உங்கள் வேலை முடியவில்லை. அந்த இரண்டு ராத்திரியும் அம்மா பக்கத்தில் நீங்கள் படுங்கள். மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டு அவளுக்குப் போன் போடாதீர்கள்.