சர்வர் மூன்று, முகவரி ஒன்று

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரி. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அவர்களுடைய தளம் படுத்துவிடும். "கூடுதலா சர்வர் வாங்கிப் போட்டாச்சு சார், இனி ஒரு பிரச்சனையும் வராது கேட்டியளா" என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது சர்வர் மூன்று இருந்தன. பிரச்சனையும் இருந்தது.

கன்னியாகுமரிப் படகுத்துறையில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். விவேகானந்தர் பாறைக்குப் போகிற வரிசை ஒன்று. பொதிகை, குகன், விவேகானந்தா என்று படகுகள் பல. எதில் ஏறுவது என்பதை வரிசையில் நிற்பவர் முடிவு செய்வதில்லை. வருகிற கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் அப்படித்தான். வெளியே தெரிவது ஒரே பொது ஐபி முகவரி, உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரிகளில் சர்வர்கள்.

அங்கே இருந்தது ரவுண்ட் ராபின்: முதல் கோரிக்கை முதல் சர்வருக்கு, அடுத்தது அடுத்ததற்கு. மாணவர் ஒன்றில் லாகின் செய்வார், அடுத்த கிளிக் இன்னொன்றுக்குப் போகும், அது "நீ யார்?" என்று கேட்கும். பையை ஒரு படகில் வைத்துவிட்டு வேறு படகில் தேடுகிற கதை.

ஒரே ஐபியிலிருந்து வருபவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும்படி மாற்றினேன். அது என் தப்பு. ஐபிவி4 முகவரிகள் போதாததால் செல்போன் நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. பிள்ளைகள் முடிவு பார்ப்பது போனில்தானே? ஒரு சர்வர் திணறியது, மற்ற இரண்டும் ஈ ஓட்டின. அப்புறம், லோட் பேலன்சரே ஒவ்வொரு பிரவுசருக்கும், எந்த சர்வர் என்று குறித்த சீட்டு மாதிரி ஒரு குக்கீ கொடுக்கும் முறைக்கு மாறினோம். செஷனை, அதாவது யார் லாகின் செய்திருக்கிறார் என்ற குறிப்பை, எல்லா சர்வர்களும் பார்க்கிற ரெடிஸ் டேட்டாபேஸ் மாதிரி ஒரு பொது இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஒரு சர்வர் விழுந்தாலும் லாகின் போகாது.

என்னை அதிகம் பயமுறுத்துவது ஹெல்த் செக், அதாவது சர்வர் நலமா என்று லோட் பேலன்சர் பார்க்கும் சோதனை. இங்கே போர்ட், அதாவது சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாசல், திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்த சர்வரிலும் போர்ட் திறந்துதான் இருக்கும். 'இணைப்பு குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்பு' என்ற விதியும் சேர்ந்தால் இன்னும் மோசம். கெட்டுப்போன சர்வர் பிழைப் பக்கத்தை நொடியில் தள்ளிவிட்டுக் கையை உதறிக்கொள்ளும். அதனால் அதுவே எப்போதும் காலியாகத் தெரியும், கூட்டம் முழுக்க அங்கேயே போகும். துறையில் படகு நிற்கிறது, சரி, இன்ஜின் ஓடுகிறதா? டேட்டாபேஸைத் தொட்டுப் பார்த்து 200 ('எல்லாம் சரி') என்று பதில் தரும் சின்னப் பக்கம் ஒன்று எழுதி, லோட் பேலன்சர் சில நொடிக்கொருமுறை அதைக் கேட்கும்படி வையுங்கள்.

கிளம்பும்போது கேட்டேன், லோட் பேலன்சர் எத்தனை என்று. ஒன்றுதானாம். இரண்டு வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது அந்தப் பொது முகவரியை எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். அதற்கான கீப்அலைவ்டி இலவச மென்பொருள்தான். ஆனால் இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள்.