விற்பனை வேலைக்கு வரும் மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களை வேலைக்கு எடுப்பவர்களுக்கும்

விற்பனை வேலைக்கான நேர்காணலில் மாற்றுத்திறனாளி ஒருவர் வந்து உட்கார்ந்தால், முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "உங்களால அலைய முடியுமா?" திக்கிப் பேசுபவர் என்றால், "போன்ல பேசிச் சமாளிச்சிடுவீங்களா?" பார்வை இல்லாதவர் என்றால் கேள்வியே வராது. "சொல்லி அனுப்புறோம்" என்ற பதில் மட்டும் வரும். விற்பனைப் பயிற்சியாளராக நான் ஆள் எடுக்கும் மேலாளர்களோடும் பேசுகிறேன், வேலை தேடி வருபவர்களோடும் பேசுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. விற்பனை என்றால் அவர்கள் மனதில் ஒரே ஒரு உருவம் இருக்கிறது: பையை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை ஓடுகிற, மூச்சுவிடாமல் பேசுகிற இளைஞன். அந்த உருவத்துக்குள் அடங்காத யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வந்துவிடுகிறது.

விற்பனையாளரின் ஒரு நாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். யாரிடம் பேசலாம் என்று ஆள் தேடுவது, முதல் போன், நேரில் சந்திப்பது, அவருக்கு என்ன தேவை என்று கேட்டு வாங்குவது, பொருளை விளக்குவது, விலை பேசுவது, ஆர்டர் எடுப்பது, சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, பணம் வசூலிப்பது, ஃபாலோ அப், கடைசியில் ரிப்போர்ட். இவ்வளவையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்பது, விளக்குவது, சொன்ன நாளில் திரும்பக் கூப்பிடுவது, இவைதான் விற்பனையின் உயிர். நடப்பதும் தூக்குவதும் வண்டி ஓட்டுவதும் அதைச் சுற்றியிருக்கும் வேலைகள். சுற்றியிருப்பதை மாற்றி அமைக்கலாம், வேறு ஒருவரிடம் கொடுக்கலாம், சில சமயம் அடியோடு விட்டுவிடலாம். என்னிடம் வருபவர்களோடு நான் முதலில் செய்வது இந்தப் பிரிப்பைத்தான். ஒரு தாளில் எல்லா வேலையையும் எழுதி, எது தானே செய்ய முடியும், எதற்கு ஒரு கருவி போதும், எதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எதிரே குறிக்கச் சொல்வேன். "என்னால விற்பனை வேலை பார்க்க முடியாது" என்று வந்தவரின் தாளில் இன்னொரு ஆள் வேண்டிய வேலை கடைசியில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வீடு வீடாகப் போய் விற்ற பில் போர்ட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1932-ல் பிறந்தவர், 2013-ல் காலமானார். பிறவியிலேயே பெருமூளை வாதம். வலது கை உதவாது, நடை சாயும், பேச்சு பிறருக்கு எளிதில் புரியாது. வேலைக்கு ஏற்றவர் இல்லை என்று முடிவு கட்டப்பட்டவர். வேறு யாரும் போக விரும்பாத மோசமான ஏரியாவைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கித்தான், வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் வாட்கின்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். கமிஷன் மட்டும்தான் வருமானம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நிறுவனத்தின் முன்னணி விற்பனையாளராக நின்றார். 1995-ல் ஒரு நாளிதழ் அவரைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு நாடு முழுக்க அவர் பெயர் பரவியது.

ஊக்கமூட்டும் கூட்டங்களில் இந்தக் கதையை மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சட்டையின் கைப்பொத்தானை அவரால் போட முடியாது, ஷூ லேஸ் கட்ட முடியாது. காலையில் நகர மையத்துக்கு வந்ததும் ஒரு ஹோட்டல் வாசலில் இருக்கும் பணியாளர் பொத்தான் போட்டுவிடுவார், பாலிஷ் போடும் இடத்தில் லேஸ் கட்டிவிடுவார்கள். ஆர்டர் படிவங்களை வீட்டில் ஒரே விரலால் டைப் செய்தார். சரக்கை வீடுகளில் கொண்டு சேர்க்க உதவிக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொண்டார். விற்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் ஏற்பாடு செய்துகொண்ட மனிதர் அவர். "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று இந்தக் கதையைக் காட்டி யாரையும் கடிந்துகொள்வது அநியாயம். அவருக்கு இருந்த ஏற்பாடுகள் உனக்கு இருக்கின்றனவா என்று கேட்பதுதான் முறை. அந்த நிறுவனம் தொடக்கத்தில் எந்தச் செலவையும் ஏற்காமல்தான் அவரைச் சேர்த்தது என்பதையும் மறக்க வேண்டாம். இன்று அப்படி ஒரு நிபந்தனையில் யாரும் வேலைக்குச் சேர வேண்டியதில்லை.

எந்த வகை விற்பனை என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். உடல்நிலை நாளுக்கு நாள் மாறுகிறவர்கள், அதாவது முடக்குவாதம், நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவை இருப்பவர்கள், ஒருமுறை விற்றதும் முடிந்துவிடும் பொருளை எடுத்தால் மாதாமாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பத்து நாள் படுத்துவிட்டால் அந்த மாதம் போச்சு. திரும்பத் திரும்ப ஆர்டர் வரும் பொருள், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சேவை, பராமரிப்பு ஒப்பந்தம் இப்படிப்பட்டவற்றில் பழைய உழைப்பு தொடர்ந்து வருமானம் கொடுக்கும். முதல் ஆண்டு மெதுவாகத்தான் போகும், வீட்டில் அதைச் சொல்லிவைத்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் வித்தியாசம் தெரியும்.

கருவிகளைப் பற்றி நிறையப் பேர் பெரிய செலவு என்று பயப்படுகிறார்கள். பார்வையற்ற ஒருவர் டெலிசேல்ஸ், அதாவது போனிலேயே விற்பனை, செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளான என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கும், ஐபோனில் வாய்ஸ்ஓவரும் உள்ளேயே இருக்கின்றன. ஹெட்செட்டின் ஒரு காதில் வாடிக்கையாளர் குரல், இன்னொரு காதில் ஸ்கிரீன் ரீடர். போன வாரம் என்ன பேசினோம், எந்த மாடல் கேட்டார், என்ன விலை சொன்னோம் எல்லாம் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு வேகத்தில் அந்தக் காதில் ஓடும். பழக்கமில்லாத நமக்கு அது வெறும் இரைச்சல். அவரோ அதைக் கேட்டபடியே மறுமுனைக்கு நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு இடைஞ்சல் செய்வது வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்க நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் சி.ஆர்.எம். மென்பொருள்தான். பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்காமல் வடிவமைத்திருந்தால் ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். எது சேமிப்பது, எது அழிப்பது? மென்பொருள் வாங்கும் முன் ஸ்கிரீன் ரீடரோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் பெரிய கதவைத் திறந்துவிட்டன. எழுத்தில் ஆர்டர் வந்தால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற தகராறும் குறையும். நேர்ச் சந்திப்பில் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலிகள் இருக்கின்றன. கூகுள் 2019-ல் கொண்டுவந்த லைவ் டிரான்ஸ்கிரைப் அதில் ஒன்று. சத்தமான இடத்தில் இவை தடுமாறும் என்பதால் சந்திப்புக்கு அமைதியான மூலையைத் தேர்ந்தெடுங்கள். விலை, அளவு, தேதி மூன்றையும் எழுதிக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

திக்கிப் பேசுபவர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள்தான் விற்பனை தனக்கில்லை என்று முதலிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு மிகக் கடினமான சொல் தன் பெயர். மற்ற சொற்களுக்கு வேறொன்றைப் போட்டுத் தப்பிக்கலாம், பெயருக்கு முடியாது. விற்பனை போனோ பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அந்த இரண்டு மூன்று விநாடி மௌனத்தில் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மறுமுனையில் இருப்பவர் வைத்துவிடுவார். இதற்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். போன் செய்வதற்கு முன்பே பெயர், நிறுவனம், எதற்காகக் கூப்பிடப் போகிறேன் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். லைன் கிடைத்ததும், "எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், இடையில நின்னா லைன்லயேதான் இருப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு பேசுபவரின் பதற்றமும் குறைகிறது, கேட்பவரும் காத்திருக்கத் தயாராகிறார். என் வகுப்புகளில் இவர்களிடம் நான் பார்த்த இன்னொரு குணம், வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே பாயாதது. விற்பனையில் அது பெரிய சொத்து. படபடவென்று பேசும் ஆட்களுக்கு இதைப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

வெளியில் சுற்றும் வேலையில் உடம்பு கேட்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். செயற்கைக் கால் போட்டிருப்பவருக்கு பொழுது ஏற ஏற, சாக்கெட் எனப்படும் செயற்கைக் காலின் குழிவுக்குள் இருக்கும் சொந்தக் காலின் அளவு மாறும். காலையில் சரியாக உட்கார்ந்த கால் மாலையில் ஆடும், உரசும், தோல் பிய்யும். அதனால் மாடிப்படி ஏற வேண்டிய வாடிக்கையாளர்கள் எல்லாம் காலையில், தரைத்தளத்தில் இருப்பவர்கள் பிற்பகலில் என்று ரூட்டைப் போடுங்கள். சாக்கெட்டுக்குள் காலில் போடும் துணி உறை, மாற்றாக ஒரு ஜோடி சாம்பிள் பையில் எப்போதும் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் எளிதில் போகாமல், வாரக்கணக்கில் படுக்கவைத்துவிடவும் கூடும். போகும் முன் போன் செய்து லிப்ட் இருக்கிறதா, நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இல்லையென்றால் வீடியோ காலில் டெமோ வைத்துக்கொள்ளலாம். வண்டியில் நீண்ட நேரம் உட்கார்ந்தே போகும்போது அரைமணிக்கு ஒருமுறையாவது உடல் எடையை மாற்றி உட்காருங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வெளியே தெரியும்போது ஆழமாகிவிட்டிருக்கும்.

அப்புறம், இரக்கத்தில் கிடைக்கும் ஆர்டர். இது எல்லோருக்கும் வரும். "பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கார்" என்று ஒன்று வாங்கிக்கொள்வார்கள். வாங்கிய பொருள் மூலையில் கிடக்கும், அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டு ஒதுங்குவார்கள். தேவையில்லாமல் வாங்குகிறார் என்று தோன்றினால், "இது உங்களுக்கு எதுக்குப் பயன்படும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் இன்று விற்காமல், அவருக்குத் தேவையான நாளில் நினைவில் நிற்கும்படி விட்டு வருவது நல்லது. அதை விடவும் பெரிய சந்தை ஒன்று கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேர், ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அவர்களும் வாடிக்கையாளர்கள். ஒரு கையால் இந்த மூடியைத் திறக்க முடியுமா, இந்தத் திரையின் எழுத்து பெரிதாகுமா என்ற கேள்விகளுக்குச் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்லும் விற்பனையாளர் எத்தனை நிறுவனங்களில் இருக்கிறார்?

குறைபாட்டை நேர்காணலில் சொல்லலாமா, எப்போது சொல்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு என்றால், வேலைக்கு அது எங்கே குறுக்கே வருகிறதோ அங்கே சொன்னால் போதும், மருத்துவ வரலாறு முழுவதையும் கொட்ட வேண்டாம். சொல்லும்போது தீர்வையும் சேர்த்தே சொல்லுங்கள். "எனக்கு வண்டி ஓட்ட முடியாது. சந்திப்புகளை ஒரே பகுதியில் அடுத்தடுத்து வெச்சுக்கிட்டா டாக்ஸி செலவு இவ்வளவுக்குள்ள முடியும், கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன்" என்பவரிடம் மேலாளர் செலவைப் பற்றித்தான் பேசுவார், காலைப் பற்றிப் பேசமாட்டார். இது சலுகை கேட்பதும் இல்லை. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவு, பணியிடத்தில் நியாயமான மாற்று ஏற்பாடுகள் செய்து தரப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் 1990 சட்டம், பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், இந்தியாவின் 2016 சட்டம் எல்லாவற்றிலும் இந்தக் கருத்து ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.

மேலாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது டார்கெட் பற்றி. "பாவம்" என்று பாதி டார்கெட் கொடுத்து ஓரமாக உட்காரவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆளுக்குப் பதவி உயர்வும் வராது, நல்ல வாடிக்கையாளர்களும் கிடைக்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை சந்திப்பு என்று காலடியை எண்ணுவதை முதலில் விடுங்கள். ஆர்டர் எவ்வளவு, திரும்ப வாங்கியவர்கள் எத்தனை பேர், வசூல் நேரத்துக்கு வந்ததா என்று பாருங்கள். முழுநேரம் வேலை செய்பவருக்கு முழு டார்கெட், குறைந்த நேரத்துக்கு ஒப்பந்தம் போட்டவருக்கு அந்த நேரத்துக்கு ஏற்ற டார்கெட். கருவியும் உதவி ஆளும் வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கு தொடங்க வேண்டும். சேர்ந்த முதல் வாரம் மென்பொருள் இயங்காமல் உட்கார்ந்திருந்த நாட்களையும் கணக்கில் சேர்ப்பது நியாயமே இல்லை.

வேலையில் சேரப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சைக்காக ஒரு மாதம் விடுப்பு எடுத்தால் அந்த மாத டார்கெட் என்ன ஆகும்? ஏற்கெனவே விற்றதன் கமிஷன் அந்த மாதமும் வருமா, விடுப்பில் இருக்கும்போது உங்கள் வாடிக்கையாளரிடம் வேறொருவர் ஆர்டர் எடுத்தால் அது யார் கணக்கில் ஏறும்? பதிலை ஆஃபர் லெட்டரோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சம்மதித்த மேலாளர் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டால், அடுத்து வருபவருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.