“மயோனைஸ்தானே டாக்டர், தினமும் சாப்பிடுகிறான்!”

போன மாதம் வந்த சிறுவனோடு சேர்த்தால் இந்த ஆண்டில் இது நான்காவது. நான்கு குழந்தைகளுக்கும் முட்டை ஒவ்வாமை உண்டு என்பது வீட்டாருக்குத் தெரியும். நான்கு பேரும் மயோனைஸ் தின்று என்னிடம் வந்தவர்கள். நான்கு அம்மாக்களும் சொன்னது ஒரே வாக்கியம்: “மயோனைஸ் தினமும் சாப்பிடுகிறவன்தானே டாக்டர், இதுவரை ஒன்றுமே ஆனதில்லையே.”

பெங்களூரில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். ஒவ்வாமைக்காகவே வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை இனி ஒரு முறை கேட்டால் பொறுமை இழந்துவிடுவேன் என்று தோன்றுவதால், கத்துவதற்குப் பதில் எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவனுக்கு ஒன்பது வயது. அல்சூரில் வீடு. முட்டை ஆகாது என்று இரண்டு வயதிலேயே தெரிந்ததும், வீட்டுக்குள் முட்டை வருவதையே நிறுத்திவிட்ட குடும்பம். அசட்டையான பெற்றோர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்கு சாண்ட்விச். அதற்குள் பச்சைப் புள்ளி போட்ட, முட்டை சேர்க்காத பாட்டில் மயோனைஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனின் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருக்கிறார்கள். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று அம்மா இரண்டு பேரிடம் விசாரித்து, கேக்கைத் தொடவிடவில்லை. உருளைக்கிழங்கு வறுவலோடு சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்ததைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. மயோனைஸ்தானே, அதில் கேட்க என்ன இருக்கிறது? அந்த உணவகத்தில் அதைப் பச்சை மஞ்சள் கருவை எண்ணெயோடு அடித்து அங்கேயே தயாரிக்கிறார்கள். உணவுப் பட்டியலில் அதைப் பெருமையாகப் போட்டும் இருக்கிறார்களாம்.

பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது. உடம்பெங்கும் தடிப்பு, விடாத இருமல், பிறகு இழுப்பு. கைப்பையிலிருந்த ஒவ்வாமை சிரப்பைக் கொடுத்துவிட்டு, அடங்கிவிடும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கான திட்டு கீழே வருகிறது. நல்லவேளையாக அவசர சிகிச்சைப் பிரிவில் அட்ரினலின் ஊசி போட்டதும் பையன் தேறிவிட்டான். மறுநாள் என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, திங்கட்கிழமை சாண்ட்விச் உண்டா என்பது.

முட்டை இல்லாத பண்டத்துக்கு மயோனைஸ் என்று பெயர் வைக்கலாமா என்ற கேள்வியை நான் இந்தப் பையனை வைத்துத்தான் பார்க்கிறேன். மற்றவர்கள் வேறு மாதிரிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மயோனைஸ் என்று பெயர் போட வேண்டுமானால் எடையில் 65 சதவீதமாவது தாவர எண்ணெய் இருக்க வேண்டும், முட்டையின் மஞ்சள் கருவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே 2014இல் ஹெல்மன்ஸ் மயோனைஸின் உரிமையாளரான யூனிலீவர், ‘ஜஸ்ட் மேயோ’ என்ற முட்டையில்லாத பண்டத்தை விற்ற ஹாம்ப்டன் கிரீக் மீது வழக்குத் தொடுத்து, அந்த ஆண்டு முடிவதற்குள் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கடைசியில் லேபிளில் சில திருத்தங்களைச் செய்துவிட்டு, பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அது முழுக்க வியாபாரச் சண்டை. யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நம் ஊர்ச் சிக்கல் அதற்கு நேர்மாறானது. அங்கே மயோனைஸ் என்றால் முட்டை. முட்டை இல்லாததுதான் புதிதாக வந்த விருந்தாளி. இங்கே மளிகைக் கடை அலமாரியில் பாருங்கள், வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிதான். முட்டை சேர்த்ததைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அதனால் நம் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் எதையும் எச்சரிப்பதில்லை. முட்டை ஆகாத குழந்தைக்கு ‘ஆம்லெட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை பின்னால் போகிறது. ‘மயோனைஸ்’ என்றால் கை முன்னால் நீள்கிறது. ஐந்தாறு வருடம் தினமும் பழக்கி, ஆபத்தான பொருளின் பெயரையே பத்திரமான பொருளின் பெயராக அவன் மனத்தில் பதித்துவிட்டோம். பிறகு சிங்கப்பூரில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறான், விமானத்தில் ஒரு சாண்ட்விச் வருகிறது, நட்சத்திர ஹோட்டலில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கே போனாலும் பெயர் அதேதான், உள்ளே இருப்பதுதான் வேறு.

ஆகவே என் கட்சி இதுதான்: அந்தப் பெயரை முட்டை உள்ளதற்கே விட்டுவிடுங்கள். “தேங்காய்ப்பால் என்று சொல்வதில்லையா, அதில் மாட்டையா தேடுகிறோம்?” என்று உணவுத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் மடக்கினார். தேங்காய்ப்பாலில் தேங்காய் என்ற சொல்லும் பால் என்ற சொல்லும் சமமாக நிற்கின்றன. ஒன்றை விழுங்கிவிட்டு மற்றதை யாரும் சொல்வதில்லை. நம் ஊர் உணவகங்களில் கடலை மாவில் வார்த்துத் தரும் தக்காளி ஆம்லெட்டும் அப்படித்தான், முன்னொட்டு இல்லாமல் யாரும் அதைக் கேட்பதில்லை. மயோனைஸ் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெயர் கொட்டை எழுத்தில், ‘எக்லெஸ்’ என்பது எறும்பு வரிசையில். வீட்டுக்கு வந்தால் அந்த எறும்புகளும் காணாமல் போய், வாயில் மயோனைஸ் மட்டும் தங்குகிறது. சோயாவிலிருந்தும் பாதாமிலிருந்தும் எடுக்கும் பானங்களைப் பால் என்று விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் கண்டிப்புக் காட்டியது. அந்தக் கண்டிப்பில் கால் பங்கு இந்தப் பக்கம் திரும்பினாலும் போதும். பெயரைப் பிடுங்க மனமில்லை என்றால், ‘முட்டை இல்லாதது’ என்பதை அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். “மயோனைஸ் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் முட்டை ஒவ்வாமை போய்விட்டது என்றுதானே அர்த்தம்?” இல்லை. உங்கள் குழந்தை இத்தனை நாள் சாப்பிட்டது எண்ணெய், தண்ணீர், மாவுச்சத்து, சர்க்கரை, வினிகர், கெட்டிப்படுத்தும் பசை. முட்டையை அவன் ஒரு நாளும் சாப்பிடவில்லை. நீச்சல் குளம் என்று பெயர் எழுதிய மணல் தொட்டியில் ஐந்து வருடம் விளையாடியவனை ஆழமான தண்ணீரில் தள்ளிவிட்டு, “தினமும் குளத்தில்தானே இருந்தான்” என்றால் என்ன சொல்வது?

இதற்கு ஒரு தம்பி வாக்கியமும் உண்டு: “கேக் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை டாக்டர்.” அது உண்மையாகவே இருக்கலாம். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலருக்கு, மாவோடு கலந்து அடுப்பில் நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொள்ளும். அதே குழந்தைக்கு அரைவேக்காட்டு முட்டை ஆகாமல் போகலாம், பச்சை முட்டை அதைவிட மோசமாகலாம். மயோனைஸில் அடுப்புக்கு வேலையே இல்லை. தவிர, இந்த ஊர் ஐயங்கார் பேக்கரி வழியில் வந்த கேக்குகளில் முட்டையே இல்லாதவை ஏராளம். எந்த கேக்கைச் சொல்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருப்பதில்லை. ஒவ்வாமை போய்விட்டதா என்பதை மருத்துவமனையில், மருந்தும் ஊசியும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். பிறந்தநாள் விருந்து அதற்கான இடம் இல்லை.

இன்னும் சிலர், “அதுதான் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்துவிட்டார்களே” என்கிறார்கள். கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபரிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் தடை விதித்தது உண்மைதான். அவை கிருமிக்குப் பயந்து போட்ட தடைகள். சால்மோனெல்லா கிருமி சாகும்படி பதப்படுத்திய முட்டையும் ஒவ்வாமைக்காரனுக்கு முட்டைதான். அதோடு, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாடு ஓராண்டுக்கென்று போட்ட தடையை நம்பி ஷவர்மா வாங்குவது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை.

பச்சைப் புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சைவம், அசைவம் சொல்லும் குறி. ஒவ்வாமைக்கான உத்தரவாதம் கிடையாது. நம் சட்டப்படி முட்டை அசைவம், பால் சைவம். முட்டையை எடுத்துவிட்டுப் பால் பவுடரைச் சேர்த்த பாட்டிலுக்கும் பச்சைப் புள்ளி கிடைக்கும். பால் ஒவ்வாமை உள்ள மூன்று வயதுக் குழந்தை ஒன்று அப்படித்தான் தடித்துப்போய் என்னிடம் வந்தது. பாட்டிலின் பின்னால் பால் உண்டு என்று அச்சிட்டிருந்தது. தாத்தா பார்த்தது முன்னால் இருந்த புள்ளியை மட்டும். கடுகு இன்னும் தொல்லை. ஐரோப்பாவில் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகு உண்டு. நம் பட்டியலில் எட்டு வகைதான், கடுகு அதில் இல்லை. எனவே தனியாக எச்சரிக்கை வராது. மூலப்பொருள் வரிசைக்குள் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனி திட்டு. தொண்டை அடைத்து மூச்சு இழுக்கும்போது ஒவ்வாமை சிரப் வேலைக்கு ஆகாது. அது அரிப்புக்கு. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தானே போட்டுக்கொள்ளும் பேனா ஊசி இங்கே மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், உங்கள் குழந்தைக்கு என்ன மாற்று ஏற்பாடு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சில் மாற்றம் தெரிந்த நொடியே 108ஐ அழையுங்கள், அல்லது கிளம்புங்கள். பெங்களூர்ப் போக்குவரத்தில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்புவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை நடக்க வைக்காதீர்கள். ஊசி போட்டுத் தேறிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள், இரண்டாவது அலை வருவது உண்டு.

வெளியே சாப்பிடும்போது “மயோனைஸ் இருக்கிறதா?” என்று கேட்டுப் பயனில்லை. “இதில் முட்டை இருக்கிறதா, எந்த பாட்டில், காட்டுங்கள்” என்று கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள் விவரம் தர வேண்டும் என்பது விதி, தயங்காமல் கேட்கலாம். தெருவோர மோமோ கடைக்காரருக்கும் ஷவர்மா கடைக்காரருக்கும் அந்த விதி இல்லை. அவர் வாளியிலிருந்து அள்ளுவது என்னவென்று பல சமயம் அவருக்கே தெரியாது. அங்கே மயோனைஸ் வேண்டாம், அவ்வளவுதான். “கொஞ்சமாகத் தடவுங்கள்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது என் யோசனை இல்லை. அல்சூர்ப் பையனுடைய பாட்டி செய்தது. மறுமுறை வந்தபோது அவர் சொன்னார், அந்த பாட்டிலிலிருந்து லேபிளைக் கிழித்துவிட்டாராம். வீட்டில் அதற்கு இப்போது ‘வெள்ளைச் சட்னி’ என்று பெயர். “நீ சாப்பிடுவது வெள்ளைச் சட்னி. மயோனைஸ் உனக்கு ஆகாது” என்று பேரனுக்குப் பாடம் ஆகியிருக்கிறது. பையனிடம் சோதித்துப் பார்த்தேன். மயோனைஸ் வேண்டுமா என்றதற்கு, “அதில் முட்டை இருக்கும் டாக்டர்” என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.