முற்றுப்பெறாத ஓவியத்தை முடித்து வைக்காதீர்கள்

ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ 1756ஆம் ஆண்டளவில் தம் இரு சிறுமகள்களைக் கிட்டத்தட்ட முழு உருவமாக வரைந்த தைலவண்ண ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. ஆறு வயதை ஒட்டிய மேரி தங்கையின் கையைப் பற்றியிருக்க, இளையவளான மார்கரெட் முட்செடியில் அமர்ந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சியை நோக்கிக் கை நீட்டுகிறாள். முகங்கள் மிக நுட்பமாக வரையப்பட்டிருக்க, உடைகளும் பின்னணியும் பல இடங்களில் விரைந்த தீற்றல்களாகவே நிற்கின்றன. ஓவியர் இதை முடிக்கவில்லை.

ஓவியப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் நான் இதைச் சொல்லக் காரணம் உண்டு. தாத்தா வரைந்த குழந்தைப் படத்தைக் கொண்டுவந்து, "முகம் நன்றாக இருக்கிறது, கீழே அழிந்துபோன உடையை மட்டும் வரைந்து கொடுங்கள்" என்று கேட்பவர்கள் பலர். அது அழிந்த இடமா, வரையாமல் விட்ட இடமா என்று அறியும் முன் அதன்மேல் ஒரு துளி வண்ணமும் படக்கூடாது.

உருப்பெருக்கியின் கீழ் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் காண முடியும். உரிந்துபோன வண்ணத்தின் விளிம்பு சில்லுச் சில்லாக உடைந்திருக்கும். ஓவியரே நிறுத்திய தீற்றலோ தூரிகை மயிர்களின் கோடுகளுடன் மெலிந்து முடியும். பழைய வெடிப்புகளுக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், அது வெடிப்பு ஏற்பட்ட பின் யாரோ பூசியது. புற ஊதா விளக்கில் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பசுமை கலந்து ஒளிரும்போது, அதன்மேல் பிற்காலத்தில் பூசிய திட்டுகள் பெரும்பாலும் கருமையாகத் தெரியும்.

வீட்டில் ஈரத்துணியாலும் உருளைக்கிழங்குத் துண்டாலும் துடைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனெனில் வெடிப்புகளின் வழியே இறங்கும் ஈரம், படம் வரைந்த துணியான கித்தானைச் சுருக்கி, பிடிப்புத் தளர்ந்த வண்ணத்தை உதிர்த்துவிடுகிறது. படத்தை நிபுணரிடம் ஒப்படைப்பதற்கு முன் முன்புறத்தையும் பின்புறத்தையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே என்ன செய்யப்போகிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். உண்மையிலேயே உதிர்ந்த இடத்தை நிரப்பும்போதும், மூல வண்ணத்தைத் தொடாமல், பின்னாளில் நீக்கக்கூடிய வண்ணத்தால் மட்டுமே நிரப்ப வேண்டும் என்று வலியுறுத்துங்கள்.