போட்ட செல்கள் போய்ச் சேர்ந்தனவா?

பெருமூளை வாதம் உள்ள மகனுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டு மூன்று மாதம் கழித்து, எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒரு தந்தை வந்தார். "செல்லெல்லாம் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா டாக்டர்?" கையில் போட்ட ஊசி அது.

அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. செலுத்திய செல்லும் உடலின் சொந்தச் செல்லும் எம்.ஆர்.ஐ.க்கு ஒன்றுதான். உள்ளே அனுப்பும் முன்பே செல்லுக்குக் கதிரியக்கப் பொருளையோ இரும்புத் துகளையோ ஏற்றி அடையாளமிட்டிருக்க வேண்டும்.

எங்கள் அணு மருத்துவப் பிரிவில், மறைந்திருக்கும் சீழைத் தேட, நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றித் திரும்பச் செலுத்துவோம். முதல் படங்களில் நுரையீரல்தான் ஒளிரும். பிறகு அது மங்க, மண்ணீரலும் கல்லீரலும் எழும். இதைத் தினமும் பார்ப்பவனுக்கு, கையின் ரத்தக் குழாயில் போட்ட செல் நேராக மூளைக்கு ஓடும் என்ற பேச்சு எடுபடாது.

2005-இல் ஜெர்மனியின் ஹனோவரில், மாரடைப்பு வந்தவர்களின் எலும்பு மஜ்ஜைச் செல்களுக்குக் கதிரியக்கக் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார்கள். இதயத் தமனிக்குள்ளேயே செலுத்தியும், ஒரு மணி நேரம் கழித்து இதயத்தில் இருந்தவை 1.3 முதல் 2.6 சதவீதம்தான். தேர்ந்தெடுத்த ஒரு வகைச் செல்கள் மட்டும் 14 முதல் 39 சதவீதம் தங்கின. சிரை வழி செலுத்தியவர்களின் இதயத்தில் சொல்லும்படி எதுவும் இல்லை.

என்னை உறுத்துவது அதே ஆண்டு நெதர்லாந்தின் நைமேகனில் நடந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எட்டுப் பேருக்கு, இரும்புத் துகளும் இண்டியமும் ஏற்றிய டென்ட்ரிடிக் செல்களை (நோய் எதிர்ப்பைத் தூண்டும் செல்கள்) அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நிணநீர் முடிச்சுக்குள் செலுத்தினார்கள். கதிரியக்கத்தைப் படம்பிடிக்கும் காமா கேமராவில் புள்ளி தெரிந்தது. முடிச்சுக்கு உள்ளா வெளியா என்பது தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்தது: நான்கு பேருக்குத்தான் குறி தப்பவில்லை. அதே அல்ட்ராசவுண்டை நம்பித்தான் நானும் ஊசி போடுகிறேன்.

இரும்பிலும் ஒரு சிக்கல் உண்டு. செல் இறந்தால் அந்த இரும்பை, உடலின் துப்புரவுச் செல்லான மேக்ரோஃபேஜ் விழுங்கிக்கொள்ளும். படத்தில் கறுப்புப் புள்ளி அப்படியே இருக்கும். இண்டியத்தின் கதிரியக்கமோ 2.8 நாளில் பாதியாகிவிடும்.

தந்தையின் கோப்பைப் புரட்டினேன். செல்களுக்கு அடையாளமிட்டதாக ஒரு வரிகூட இல்லை. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். அதைச் சொன்னேன். அவர் பையிலிருந்து ரசீதுகளை எடுத்து மேசையில் வைத்தார்.