சோலார் வாட்டர் ஹீட்டரில் ‘நானோ கோட்டிங்’: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

“இது நானோ கோட்டிங் ட்யூப் சார், அதான் விலை கூட.” சோலார் வாட்டர் ஹீட்டர் கடைகளில் இது அடிக்கடி காதில் விழும் பேச்சு. சொல்வது பொய்யில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் விலை குறைந்த மாடலின் ட்யூபிலும் அதே வகைப் படலம்தான் இருக்கும். வெற்றிடக் கண்ணாடி ட்யூபுக்குள் கறுப்பாகத் தெரிவது பெயின்ட் அல்ல, சில நூறு நானோமீட்டர் தடிமனே உள்ள அடுக்குப் படலம்.

வெயிலின் ஆற்றலில் பெரும்பகுதி 300 முதல் 2500 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் வருகிறது. 80 டிகிரி சூட்டில் இருக்கும் பரப்பு தன் வெப்பத்தை வெளியே விடுவதோ 8000 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில். ஆகவே குறுகிய அலைகளை விழுங்கி, நீண்ட அலைகளை வெளியே விடாத பரப்பு ஒன்று இருந்தால் சூடு உள்ளேயே தங்கும். இஸ்ரேலின் ஹாரி தாபோர் 1950களில் இத்தகைய பரப்புகளைச் செய்து காட்டினார். எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுற்றுப்புறம் 30 டிகிரி, பரப்பு 80 டிகிரி என்றால், சாதாரணக் கறுப்பு பெயின்ட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 360 வாட்டைக் கதிர்வீச்சாகவே இழக்கும். நல்ல படலம் இழப்பது 20 முதல் 40 வாட். உச்சி வெயிலில் கிடைப்பதே 1000 வாட் அளவுதான்.

ட்யூபில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று. உள் குழாயின் வெளிப்பக்கத்தில், அதாவது வெற்றிடத்துக்குள் படலம் பூசப்படுகிறது. அடியில் அலுமினியமோ செம்போ கொண்ட பளபளப்பான அடுக்கு. அதன்மேல் உலோகத் துகள்கள் கலந்த அலுமினியம் நைட்ரைடு. உச்சியில் துகளே இல்லாத, வெயிலைத் திருப்பி விடாத அடுக்கு. ‘த்ரீ டார்கெட்’ ட்யூப் என்று விற்பதில் அடி அடுக்கு செம்பு, நடுவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலப்பு. திறந்த வாய் வழியாக உள்ளே பாருங்கள்: செம்பு நிறம் தெரிந்தால் த்ரீ டார்கெட், வெள்ளி நிறமானால் பழைய வகை. குளிக்க 60 டிகிரித் தண்ணீர் போதும் என்ற வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். விலை வித்தியாசம் அதிகமென்றால் பழைய வகையையே வாங்கலாம். ‘நானோ’ ஸ்டிக்கரைவிட முக்கியம் ட்யூபுக்கான ஐஎஸ் 16543 தரச் சான்று.

உண்மையில் சூடு போவது வேறு இடங்களில். முதலாவது, வெற்றிடம் கெட்டுப்போன ட்யூப். ட்யூபின் அடி நுனியில் வெள்ளிக் கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். அது பேரியம், கெட்டர் என்பார்கள். மிச்சமிருக்கும் வாயுவைப் பிடித்துவைப்பது அதன் வேலை. காற்று நுழைந்தால் அது சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். உள் குழாய் உடையாததால் தண்ணீர் ஒழுகாது. அதனால்தான் பல வீடுகளில் இரண்டு மூன்று ட்யூப் செத்துக் கிடந்தும் யாருக்கும் தெரிவதில்லை. வாங்கும்போது ஒவ்வொரு நுனியையும் பாருங்கள், பிறகு ஆண்டுக்கொரு முறை பாருங்கள். வெளுத்ததை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளவும். குளிர்நீர் வால்வை மூடி, டேங்கை வடித்துவிட்டு, ட்யூபைச் சற்றே மேலே தள்ளி அடியை விடுவித்து வெளியே இழுக்க வேண்டும். 58 மில்லிமீட்டர் விட்டம், 1800 மில்லிமீட்டர் நீளமுள்ள ட்யூபில் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும்; சூடாக இருந்தால் கை வெந்துவிடும். புது ட்யூபைச் செருகும்போது கேஸ்கெட் என்ற ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவித் திருகித் திருகி ஏற்றுங்கள். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும்.

காலி ட்யூபை வெயிலில் விட்டால் உள்ளே 200 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் குளிர்நீர் பட்டால் கண்ணாடி தெறித்துவிடும். மாடித் தொட்டி காலியாகி, மதியம் மோட்டார் போட்டபோது ட்யூப் வெடித்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். தண்ணீர் நின்றுபோன நாளில் மாலை வெயில் தாழும்வரை ட்யூபைச் சாக்குப் போட்டு மூடிவைத்து, பிறகு நிரப்புங்கள்.

ட்யூபுக்குப் பதில் கண்ணாடிக்கு அடியில் உலோகத் தகடு உள்ள தட்டை வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகடு வெளுத்துவிட்டது என்று யாராவது கறுப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னால் விடாதீர்கள். பார்க்கக் கறுப்பாக இருக்கும், மேலே சொன்ன 360 வாட் கணக்குக்குப் போய்விடும். உள் தகட்டைத் தேய்த்துத் துடைப்பதும் அதே கேடுதான். மேல் கண்ணாடியை மட்டும் கழுவினால் போதும்.

தண்ணீரில் நானோ துகள் கலந்தால் இன்னும் சூடாகும் என்ற வீடியோக்களும் சுற்றுகின்றன. ஆய்வகத்தில் நடக்கிற காரியம்தான். வீட்டில் துகள் திரண்டு அடியில் படியும், பம்பிலும் பைப்பிலும் அடைக்கும். குளிக்கிற, சமையலுக்கு எடுக்கிற தண்ணீரில் அதைக் கலப்பது முட்டாள்தனம்.

சூடு போகும் இன்னொரு இடம் பைப். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பைப் 20 மீட்டர் ஓடினால் அதற்குள் மட்டும் 6 லிட்டர் நிற்கிறது. குழாயைத் திறக்காத நேரமெல்லாம் அத்தனையும் ஆறிப்போகும். சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போட்டு, மேலே இன்சுலேஷன் சுற்றி, வெயில் படும் இடத்தில் அதற்கும் உறை போடுங்கள். டேங்க் மேலிருக்கும் ஏர் வென்ட் பைப்பை யாரும் மூடக் கூடாது. அதில் குளவி கூடு கட்டியிருந்தால், தண்ணீரை வேகமாக இறக்கும்போது டேங்க் உள்பக்கம் நசுங்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் சீக்கிரம் அடைபடும். அங்கே ட்யூப் வகையோ, உப்புத் தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் போகாமல் வேறு திரவம் வழியாகச் சூடேற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த தட்டை வகையோ எடுங்கள். டேங்க் அரிக்காமல் இருக்க அதற்குப் பதில் தான் கரையும் மக்னீசியம் கம்பி டேங்குக்குள் இருக்கும்; அதை ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தபின் அரிப்பு டேங்கின் வெல்டிங் தையலில்தான் ஆரம்பிக்கும்.