தொட்டி வழிகிறது, வரி போகிறது: குப்பை வேலைநிறுத்தத்தின்போது எதைக் கேட்கலாம், எதைச் செய்யவே கூடாது

"குப்பையே எடுக்காதவனுக்கு எதற்கு வரி?" என்று கேட்டு, கவுன்சில் (உள்ளாட்சி) வரி கணக்கிலிருந்து தானாகப் போகும் டைரக்ட் டெபிட்டை வங்கியில் நிறுத்திவிட்டுப் பெருமையோடு வந்து சொன்னார் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். இரண்டு மாதம் கழித்து நீதிமன்ற அழைப்பாணையோடு வந்தார். எந்த ஊர், எந்தக் கவுன்சில் என்பது இங்கே வேண்டாம். இங்கிலாந்தில் எங்கே செய்திருந்தாலும் இதே கடிதம்தான் வந்திருக்கும்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கவுன்சில் வரி குப்பைக்கான கட்டணம் அல்ல, வரி. பள்ளி, முதியோர் பராமரிப்பு, சாலை என்று எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டை அது. அதிலிருந்து குப்பையின் பங்கை மட்டும் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். அதைக் கட்ட ஏழு நாள். அதற்குள்ளும் கட்டாமல் இன்னும் ஏழு நாள் போனால் தவணை முறையில் கட்டும் உரிமை போய்விடும். ஆண்டின் மீதித் தொகை முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். பிறகு அழைப்பாணை, அதன் செலவு உங்கள் கணக்கில். நீதிமன்றம் கேட்பது மூன்றே கேள்விகள்: வரி உங்கள் பெயரில் இருக்கிறதா, பில் முறையாக வந்ததா, கட்டினீர்களா. வாசலில் எலி ஓடும் படத்தை நீங்கள் நீட்டலாம். அவர்கள் அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, வரியைக் கட்டியே ஆக வேண்டும் என்று ஆணை போடுவார்கள். அது கிடைத்ததும் சம்பளத்தில் பிடிக்கவும், வசூல் ஆட்களை வாசலுக்கு அனுப்பவும் கவுன்சிலுக்கு அதிகாரம் வந்துவிடும்.

இந்தக் கோபம் ஏன் வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பர்மிங்ஹாமைப் பாருங்கள். 2025 ஜனவரியில் விட்டுவிட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் மார்ச் 11 முதல் காலவரையற்றதாக ஆனது. குப்பை வண்டிக் குழுவில் இருந்த ஒரு பதவியைக் கவுன்சில் எடுத்துவிட்டது. அதனால் சிலருக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்ட் வரை இழப்பு என்றது யுனைட் தொழிற்சங்கம், அந்தக் கணக்கே தவறு என்றது கவுன்சில். அந்தப் பதவி 2017 வேலைநிறுத்தத்தை முடித்துவைப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மார்ச் 31 அன்று பெரும் அவசர நிலை அறிவிக்கப்பட்டபோது தெருக்களில் தேங்கியிருந்தது 17,000 டன். மறுநாள் ஏப்ரல் 1, புதிய வரி ஆண்டு: கவுன்சில் வரி 7.49 சதவீதம் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு ஏறியது 9.99. சம்பளம் குறையப்போகிறதே என்று வேலைநிறுத்தம் செய்பவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இரண்டு தரப்புக்கும் நடுவில் நாறுவது நம் வாசல்.

வீட்டுக் குப்பையை எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டியது கவுன்சிலின் சட்டக் கடமை. 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வேலைநிறுத்தம் நடக்கிறது என்பதற்காக அந்தக் கடமை மறைந்துவிடாது. ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு உங்கள் மாநகர வண்டிக்கு நாள் குறிக்கவில்லை. எடுக்காத வாரத்துக்கு இழப்பீடு தரச் சொல்லவும் இல்லை.

தண்டம் உங்கள் மேல் விழும் இடங்கள்

கவுன்சில் தன் கடமையில் தவறினால் பதில் வர மாதங்கள் ஆகும். நீங்கள் தவறினால் சில நாட்களிலேயே கடிதம் வந்துவிடும். குப்பை தேங்கும் காலத்தில் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, தெருமுனைக் குவியல். "எல்லோரும்தானே போடுகிறார்கள்" என்று உங்கள் பையையும் அங்கே வைத்தால் அது ஃபிளை டிப்பிங், அதாவது சட்டவிரோதமாகக் குப்பை கொட்டுவது. இதற்கு அந்த இடத்திலேயே விதிக்கக்கூடிய தண்டம் 1,000 பவுண்ட் வரை. பையைக் கிழித்து உள்ளே முகவரி எழுதிய உறையைத் தேடுவதுதான் அதிகாரிகளின் வேலையே. ஓர் அக்கா கோயில் அன்னதான அழைப்பிதழை உறையோடு போட்டு மாட்டிக்கொண்டார். குவியலில் இருந்த மற்ற ஐம்பது பைகளில் பெயர் இல்லை, அவருடையதில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தண்டத்துக்கு மேல்முறையீடு என்று தனியாக ஒரு படி கிடையாது. கட்டினால் விஷயம் முடிந்தது. கட்டாவிட்டால் கவுன்சில் வழக்குப் போடலாம். எனவே கட்டுவதற்கு முன்பே, அதில் குறித்த கெடுவுக்குள், உங்கள் தரப்பை எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் அழுது பயனில்லை. அது எங்கும் பதிவாகாது.

இரண்டு, வேன்காரர். வேலைநிறுத்தம் தொடங்கிய மறுவாரமே கதவிடுக்கில் துண்டுச்சீட்டு விழும், வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும்: நாற்பது பவுண்ட், பணமாக, இன்றே எடுத்துவிடுவோம். அவர் அதை எங்கேயாவது வயல் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போனால் கேள்வி உங்களிடம் வரும். குப்பையை உரிமம் உள்ளவரிடம் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. தவறினால் தண்டம் 600 பவுண்ட் வரை. சுற்றுச்சூழல் முகமையின் இணையதளத்தில் குப்பை எடுத்துச்செல்வோர் பதிவேடு இருக்கிறது, இலவசம், இரண்டு நிமிட வேலை. பதிவு எண்ணைக் கேளுங்கள், அங்கே தேடுங்கள், வேனின் எண்தகட்டைப் படம் எடுங்கள், ரசீது வாங்குங்கள். எண்ணைக் கேட்டதும் குரலை உயர்த்துகிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் கீழே கடை, மேலே வீடு என்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். கடைக் குப்பை கடைக் குப்பைதான். அட்டைப் பெட்டிகளை மேல் வீட்டுத் தொட்டியில் போட்டாலும், மேல் வீட்டுப் பையோடு சேர்த்துத் தெருவில் வைத்தாலும், அது வணிகக் குப்பை. அதற்குத் தனி ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் உரிய சீட்டை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டுச் சீட்டைக் காட்டாவிட்டால் 300 பவுண்ட். கவுன்சில் வண்டி வராத வாரத்தில் இந்தச் சோதனை நடக்காது என்று நினைக்காதீர்கள். தெருவில் குவியல் இருக்கும்போதுதான் யார் போட்டது என்று தேடி வருவார்கள்.

புகாரும் 'ரிப்போர்ட்'டும் ஒன்றல்ல

பத்து முறை இணையத்தில் எழுதிவிட்டேன், யாரும் பதில் தரவில்லை என்பார்கள். என்ன எழுதினீர்கள் என்று பார்த்தால், 'மிஸ்ட் கலெக்ஷன்' (குப்பை எடுக்கவில்லை) என்ற பொத்தானைப் பத்து முறை அழுத்தியிருப்பார்கள். அது புகார் அல்ல. கவுன்சிலின் மொழியில் அது வெறும் சேவைக் கோரிக்கை. அதற்குப் பதில் சொல்லும் கெடு எதுவும் அவர்களுக்கு இல்லை. வேலைநிறுத்தக் காலத்தில் பல இடங்களில் அந்தப் பொத்தானையே மூடிவிடுவார்கள்.

புகார் என்றால் புகார்ப் பக்கத்தில் எழுத வேண்டும். முதல் வரியிலேயே 'ஃபார்மல் கம்ப்ளெய்ன்ட், ஸ்டேஜ் ஒன்' (முறையான புகார், முதல் கட்டம்) என்று ஆங்கிலத்தில் போடுங்கள். கடைசியாக எடுத்த தேதி, தவறிய ஒவ்வொரு தேதி, படம், வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் அது, நீங்கள் கேட்பது என்ன: இவை போதும். கோபத்தை எழுதவேண்டாம், அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் கேள்வியைத் தவிர்ப்பார்கள். ஆம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளர் 2024இல் வெளியிட்ட நெறிமுறையின்படி முதல் கட்டப் பதில் பத்து வேலைநாளில், அதில் திருப்தி இல்லையென்றால் இரண்டாம் கட்டப் பதில் இருபது வேலைநாளில் வர வேண்டும். இரண்டும் முடிந்த பிறகுதான் அவரிடம் போகலாம். போவதற்குச் செலவில்லை, ஆனால் சிக்கல் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

அங்கே எது எடுபடும்? ஊர் முழுவதும் எடுக்கவில்லை என்பது எடுபடுவது கடினம். பக்கத்துத் தெருவில் எடுத்துவிட்டு உங்கள் தெருவை மட்டும் திரும்பத் திரும்ப விட்டுவிட்டார்கள், அல்லது தொட்டியைத் தள்ள முடியாத முதியவருக்கான உதவிப் பட்டியலில் பெயர் இருந்தும் வாசலுக்கு வரவில்லை என்பவை வேறு வகை. தற்காலிக ஆட்கள் வரும்போது முதலில் கைவிடப்படுவது அந்தப் பட்டியல்தான். அம்மா அப்பாவின் பெயர் அதில் இருந்தால் இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணம் திரும்பக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: தோட்டக் குப்பைச் சந்தா, பெரிய பொருள் எடுக்கும் கட்டணம் போல நீங்கள் தனியாகக் கட்டியவை. வராத சேவைக்குக் கட்டிய பணம் அது, வரி அல்ல. தானாகத் திருப்பித் தருவார்கள் என்று காத்திராமல் கேளுங்கள்.

நீதிமன்ற வழியும் இருக்கிறது. குவியல் உடல்நலத்துக்குக் கேடு என்றால் அதே 1990 சட்டத்தின் 82ஆம் பிரிவின்கீழ், 21 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு, பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். தெரு குப்பையாகக் கிடப்பதற்கு 91ஆம் பிரிவு; அதற்கு ஐந்து நாள் அறிவிப்புப் போதும். தோற்றால் செலவு தலையில் விழலாம் என்பதால் வழக்கை நான் யாருக்கும் எளிதாகச் சொல்வதில்லை. ஆனால் பிரிவு எண்ணைக் குறித்த அறிவிப்புக் கடிதம் கவுன்சிலின் சட்டப் பிரிவு மேசைக்குப் போகும், குப்பைப் பொத்தானுக்குப் போகாது.

குப்பை மையத்துக்கு நீங்களே கொண்டுபோவதாக இருந்தால் முன்பதிவும் முகவரிச் சான்றும் தேவையா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வாடகை வேன் என்றால் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், வேன் வாடகை போனது போனதுதான்.

அந்த அண்ணன் விசாரணை நாளுக்கு முன்பே கவுன்சிலுக்குப் பேசி, நிலுவையையும் அழைப்பாணைச் செலவையும் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார். அன்று மாலையே குப்பைக்கான புகாரையும் முறைப்படி எழுதிக்கொடுத்தோம். ஆறாம் நாள் பதில் வந்தது: "உங்கள் சேவைக் கோரிக்கை பதிவாகியுள்ளது." இது கோரிக்கை அல்ல, ஸ்டேஜ் ஒன் புகார் என்று அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.